சோதனை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது

காலையில் எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மடித்தான். மறுபக்கம் மடிக்க ஒன்றுமில்லை. பல் தேய்த்தான். குளியலறைக்குள் போனதும் விளக்கு தானாக எரிந்தது. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரைத் திறந்தான். தலைக்குச் சோப்புப் போடும்போது விளக்கு அணைந்தது. இருட்டிலேயே குளித்து முடித்தான். திரையை விலக்கினான். விளக்கு எரிந்தது. துவட்டிக்கொண்டான். ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவைத்தான். ரொட்டியை நின்றபடியே தின்றான். கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினான். ஹீட்டரைக் குறைத்தான். கதவைப் பூட்டினான். பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

விளக்கில் பழுதில்லை. சொன்ன வேலையைத்தான் செய்கிறது. கூரையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அறைக்குள் சூடான உடம்பு அசைந்தால் விளக்கைப் போடும். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால், ஆளில்லை என்று முடிவுகட்டி அணைத்துவிடும். திரைக்குப் பின்னால் பார்க்க அதற்குத் தெரியாது. ஆகவே அதைத் திரைக்கு அந்தப் பக்கம், குளிக்கிற ஆளின் தலைக்கு மேலே வைக்க வேண்டும். இதை அவன் கூட்டம் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அது அவன் உத்தியோகம். தன் வீட்டில் மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிட்டான். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்பார்கள். இவன் விளக்கை மாட்டிவிட்டு, ஏணியை மடித்துவிட்டு, சாவகாசமாக விழுந்தவன்.

"அடுத்த வாரம் மாத்திடறேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த அடுத்த வாரம் வரவில்லை. போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவள் வேலை செய்த அலுவலகத்தில், மதியம், நாற்காலியை விட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் கசிந்துவிட்டது என்றார் மருத்துவர். கசிவு என்ற சொல்லைத்தான் சொன்னார். ஊரில் இருக்கிற கசிவையெல்லாம் தேடிக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் எதிரே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

நகராட்சியின் மின்சிக்கனப் பிரிவில் அவன்தான் ஒரே ஆய்வாளன். வீட்டுக்காரர்கள் விண்ணப்பித்தால் போய், வீட்டில் எங்கே காற்று ஒழுகுகிறது, எங்கே சூடு வீணாகிறது என்று சோதித்துச் சொல்வான். நகராட்சியின் சொந்தக் கட்டடங்களுக்கும் அவனேதான். அலுவலகத்தில் அவனை 'மீட்டர்' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவள் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போயிருந்தான். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது பழக்கதோஷத்தில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்தான். உள்ளேயிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது: "தம்பி, நான் இன்னும் இங்கதான் நிக்கறேன்." அன்று விழுந்து விழுந்து சிரித்தவள் வைத்த பெயர். மாமியாருக்கு மட்டும் அந்த இருட்டு இன்னும் தெளியவில்லை.

இன்றைக்குப் பத்து மணிக்கு அந்த மாமியாரின் வீட்டில்தான் சோதனை.

அவன் அத்தையின் வீட்டுக்குப் போவதைத் தவிர்த்து வந்தான். காரணம் ஒரு கேள்வி. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், "கடைசியா என்ன சொன்னா?" மற்றவர்களுக்கெல்லாம் இதற்கு நல்ல பதில் இருந்தது. அத்தையின் அக்கா வீட்டுக்காரர் "எல்லாரும் ஒத்துமையா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். எதிர்வீட்டுப் பெரியவர் "தண்ணி" என்றாராம். அதுகூடப் பரவாயில்லை, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. இவன் மனைவி இவனிடம் கடைசியாகச் சொன்னதில் குளியலறை இருந்தது. இவனுடைய மானம் கப்பலேறுகிற விஷயமும் இருந்தது. அதைப் போய்த் துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? "ஒண்ணும் சொல்லல" என்றான். வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அத்தை போகவில்லை. ஒவ்வொரு முறை ஃபோனில் பேசும்போதும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்: "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா, மாப்பிள்ளை?" இவன் ஒவ்வொரு முறையும் இல்லையென்றான். பிறகு ஃபோனை எடுப்பதைக் குறைத்தான். பிறகு அத்தை ஃபோன் செய்வதை நிறுத்தினார். அப்பாடா என்றிருந்தான். போன மாதம் அத்தையின் விண்ணப்பம் வந்தது: வீட்டில் காற்று ஒழுகுகிறது, சோதிக்க வேண்டும்.

பிரிவுத் தலைவரிடம் போய், சொந்தக்காரர் வீட்டைத் தான் சோதிப்பது முறையில்லை என்று சொல்லிப் பார்த்தான்.

"விதியைப் பார்த்துட்டேன் மீட்டர்" என்றார் அவர். "சொந்தக்காரங்கன்னா யார் யார்னு போட்டிருக்கு. மாமியார் இல்லை. எழுதின ஆளுக்குக் கல்யாணம் ஆகலை போல. போய்ட்டு வாங்க."

வேனோடு வந்து நின்றார் சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை. ஓட்டுநர். ஓய்வு பெறுகிற வயதை எட்டிக்கொண்டிருந்ததால் நகராட்சி முழுவதற்கும் சித்தப்பா ஆகிவிட்டார்.

"முதல்ல நூலகம். அங்க உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறாங்களாம்" என்றார், மிகவும் சந்தோஷமாக.

நூலகத்தின் வாசிப்பு அறையில் போன வருஷம் பழைய விளக்குகளை எடுத்துவிட்டுச் சென்சார் வைத்த விளக்குகளைப் போட்டது அவன்தான். நகர்மன்றத்தில் அதைப் பற்றி உரை வேறு நிகழ்த்தினான். விளக்குச் செலவு பாதியாகக் குறைந்ததைப் படம் போட்டுக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினான். இன்று உள்ளே நுழைந்தபோது அறையில் ஏழெட்டுப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்தன. யாரும் திடுக்கிடவில்லை. மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைத் தூக்கி, பேருந்தை நிறுத்துவது போல ஆட்டினார். விளக்குகள் எரிந்தன.

"இன்னிக்கு அவரோட முறை" என்றார் நூலகர். மூக்கின் நுனியில் கண்ணாடி. அதற்கு மேலாக ஒரு பார்வை. "நாங்க உயிரோட இருக்கோம்னு உங்க விளக்குக்குத் தெரியப்படுத்த தினம் ஒருத்தரைப் போட்டிருக்கேன். படிக்கிறவங்க அசையாமத்தான் உட்கார்ந்திருப்பாங்க சார். ஆடிக்கிட்டே படிக்க இது என்ன ஜிம்மா?"

"நேரத்தை ரொம்பக் குறைச்சு வெச்சுட்டேன் மேடம். இப்பவே கூட்டிடறேன்."

"செலவு பாதியாக் குறைஞ்சுதுன்னு படம் போட்டீங்களாமே?"

"ஆமா."

"வர்றவங்களும் பாதியாக் குறைஞ்சுட்டாங்க. அந்தப் படத்தையும் போட்டிருக்கலாம்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவன் ஏணியில் ஏறினான். ஒவ்வொரு சென்சாரின் பின்புறமும் சிறிய திருகு ஒன்று இருக்கும். விளக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கஞ்சத்தனத்தின் கடைக்கோடியில் வைத்திருந்தான். ஒவ்வொன்றாகத் திருப்பினான். கடைசி சென்சாரின் அடியில், ஏணியின் உச்சியில், திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். எதையும் நினைக்கவில்லை. இப்போதெல்லாம் இப்படி நேர்கிறது. விளக்கு அணைந்தது. ஒரு முழ தூரத்தில் நிற்கும் தன்னை, தான் வாங்கி, தான் பொருத்திய கருவியே ஆளாக மதிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். கோபம் வரவில்லை. கருவி சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. கையை ஆட்டினான்.

இறங்கியபோது நூலகர் கேட்டார்: "போன வாரம் உங்க மாமியார் வந்திருந்தாங்க. உங்க திட்டத்தோட துண்டுப் பிரசுரம் இருக்கு பாருங்க, அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து படிச்சாங்க. ஒரு இடத்துல அடிக்கோடு வேற போட்டாங்க. வீட்டைச் சோதிக்கப் போறீங்களா?"

"ஆமா மேடம். ரொம்ப ஆர்வம் அவங்களுக்கு" என்றான். எலி, பொறியின் வேலைப்பாட்டைப் பாராட்டியது போல.

அத்தை பல்கலைக்கழகத் தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவர். வாசலில் நின்று வரவேற்றார்.

"வாங்க மாப்பிள்ளை. இளைச்சுட்டீங்க."

"இல்ல அத்தை. அதே எடைதான்."

"அதையும் அளந்து வெச்சிருப்பீங்க."

சித்தப்பா வேனிலிருந்து சாமான்களை இறக்கினார். சோதனை பார்க்க வேடிக்கையாக இருக்கும். முன்வாசல் கதவைத் திறந்துவிட்டு, அந்த இடத்தில் இரும்புச் சட்டத்தில் இறுக்கிய ஒரு சிவப்புத் துணியை மாட்டுவார்கள். துணியின் வயிற்றில் ஒரு பெரிய விசிறி. மற்ற கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு விசிறியைப் போட்டால் அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கும். உள்ளே காற்று குறையக் குறைய, வீட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். புகைக்குச்சி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு அறை அறையாகப் போனால் புகை வளைகிற இடம் ஓட்டை. அவ்வளவுதான் வித்தை. இதற்கு நான்கு வருஷம் கல்லூரியில் படித்திருந்தான்.

விசிறியின் சுவிட்ச் இருக்கும் வெளிப்பக்கத்தில் சித்தப்பா நின்றுகொண்டார். அவன் உள்ளே. நடுவில் சிவப்புத் துணி.

"பின்கதவு சாத்தியாச்சா அத்தை?"

"பூட்டியே வெச்சாச்சு. சாவி என் இடுப்புல."

வீட்டுக்காரர்களிடம் வழக்கமாகச் சொல்வதை, வழக்கமான கறார்க் குரலில் சொன்னான்: "சோதனை நடக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தா அளவெல்லாம் வீணாயிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"நல்லது" என்றார் அத்தை.

விசிறி ஓட ஆரம்பித்தது. வீடு உறுமியது. திரைச்சீலைகள் உள்பக்கமாக வயிறு தள்ளின. எங்கோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அத்தை அவன் காதருகே வந்து, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. கடைசியா என்ன சொன்னா?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிக்கோடு எந்த வரியில் விழுந்திருக்கும் என்று புரிந்தது. சிவப்புத் துணியைப் பார்த்தான். அதை மாட்டியவன் அவன். இறுக்கியவனும் அவன். தன் கையாலேயே தன்னைச் சிறை வைத்துக்கொண்டு, விதிமுறையையும் சத்தமாகப் படித்துக் காட்டிய கைதி உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

"முதல்ல சமையலறையைப் பார்த்துடலாம் அத்தை" என்றான்.

அவன் முன்னால் நடந்தான். அத்தை பின்னால் வந்தார், தேர்வுக்கூட நடையில். அடுப்புக்கு மேலே புகைபோக்கியின் அருகே புகை சடாரென்று வளைந்தது.

"இங்க பலமா ஒழுகுது."

"ஒழுகட்டும்."

குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் புகை சிதறியது.

"இங்கயும்."

"நான் கேட்டது அது இல்ல."

"ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேனே அத்தை."

"காலையில ஒரே வீட்டுல எந்திரிச்சிருக்கீங்க. புருஷன் பொண்டாட்டி. ஒரு வார்த்தைகூடவா பேசியிருக்க மாட்டா? என் பொண்ணு தூக்கத்துலயே பேசுவா."

அது உண்மை. அவன் புகைக்குச்சியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். கூடத்து ஜன்னல் வழியே சித்தப்பா தெரிந்தார். வேனின் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவன் கையசைத்து, விசிறியை நிறுத்தும்படி சைகை காட்டினான். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து விரித்து, அதில் ஒரு வரியின் மீது விரலை வைத்துக் காட்டினார். பிறகு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். பிஸ்கட் பொட்டலம் அத்தை வீட்டுப் பொட்டலம் என்பதை அவன் கவனித்தான். விலைபோய்விட்டார்.

அடுத்தது மனைவி கல்யாணத்துக்கு முன்பு இருந்த அறை. அவன் வேகமாகக் கடந்துவிடப் பார்த்தான். "இதையும் பார்க்கணும்ல?" என்றார் அத்தை. "எல்லா அறையும்னு போட்டிருக்கு."

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, பழைய மரச்சட்டம் போட்ட ஜன்னல். வீட்டிலேயே மோசமான ஜன்னல் இதுவாகத்தான் இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. மரம் வளைந்திருந்தது. புகைக்குச்சியைக் கீழ்விளிம்பில் நீட்டினான். புகை நேராக மேலே போனது. பக்கவாட்டில் நீட்டினான். நேராகவே போனது. கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து விசிறிச் சத்தத்தைக் கவனித்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. குனிந்து பார்த்தான். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு முழுவதையும் யாரோ பழைய காலுறையைச் சுருட்டி, அடிமட்டத்தால் குத்திக் குத்தி இறக்கி அடைத்திருந்தார்கள். மூலைகளில் மென்று துப்பிய சூயிங்கம் கல்லாகி இருந்தது.

"அவதான்" என்றார் அத்தை. "ஸ்கூல் படிக்கிறப்ப. குளிருதும்மான்னு கேட்டா. ஆளைக் கூட்டியாந்து சரி பண்ணலாம்னேன், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். அவளே பண்ணிக்கிட்டா. ஒரு மாசம் காலுறை காணோம் காணோம்னு வேலைக்காரியைச் சந்தேகப்பட்டேன்."

அவன் புகைக்குச்சியைப் பிடித்தபடி நின்றான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ ஜன்னலை அடைத்திருக்கிறான். நுரை அடித்திருக்கிறான், ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறான், சான்றிதழ் கொடுத்திருக்கிறான். இதைப்போல ஒரு பொட்டுக் காற்றுப் போகாமல் அடைத்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பெண், ஒரு ஜோடிக் காலுறை. அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டுதான் அவளுக்கு இவன் காற்றுக்கசிவைப் பற்றிப் பாடம் எடுத்தான். அவளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

"மாப்பிள்ளை."

வேனில் வரும்போது சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துவிட்டான்.

"'அம்மாவைத் தனியா விட்டுடாதீங்க, நல்லாப் பார்த்துக்கோங்க'ன்னு சொன்னா அத்தை."

அத்தை அவனைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் எத்தனையோ விடைத்தாள்களுக்கு மேலாகப் பார்த்த பார்வை.

"இது பார்த்து எழுதினது."

"இல்ல அத்தை..."

"அவ உங்களை எப்பவாவது 'நீங்க'ன்னு கூப்பிட்டிருக்காளா?"

நான்கு வருஷக் கல்லூரிப் படிப்புக்கு அந்த ஓட்டை தெரியவில்லை.

அத்தை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் போய்விட்டிருந்தார். உட்கார்ந்திருந்தது வயதான ஒரு பெண்.

"எனக்கு என்ன பதில்னு தெரியும். நீங்க மறைக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க வாயால கேட்டுடணும், அவ்வளவுதான். தாங்கிக்கிறேன்."

"என்ன தெரியும்?"

"என்னைத் திட்டிட்டுத்தானே போனா?"

விசிறி உறுமிக்கொண்டிருந்தது. அவனுக்கு விளங்கவில்லை.

"முந்தின நாள் சாயங்காலம் அவ ஃபோன் பண்ணினா. இந்த வீட்டை விட்டுட்டு எங்ககூட வந்து இரும்மான்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. 'உன் புருஷன் ஒரு வடிகட்டின கஞ்சன். அந்த வீட்டுல மனுஷி இருக்க முடியுமாடி'ன்னேன். அவ்வளவுதான், வந்துச்சே கோபம். 'எம் புருஷனைப் பத்திப் பேசாத'ன்னு சொல்லிட்டுப் பட்டுன்னு வெச்சுட்டா. சரி, காலையில ஆறிடும், மதியம் கூப்பிட்டுப் பேசிக்கலாம்னு இருந்தேன்." அத்தை முந்தானையின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார். "மதியம் நீங்கதான் கூப்பிட்டீங்க."

அவன் எதிரே நின்றான்.

"அதான் கேக்கறேன். காலையில என்னைப் பத்திச் சொன்னாளா இல்லையா? என் மனசு நோகக் கூடாதுன்னு மறைக்க வேண்டாம். 'எங்கம்மா மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்'னு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அது என் பொண்ணு சொன்னதுதானே. வேணும் எனக்கு."

ஒரு வருஷமாக அத்தை கேட்டது என்ன, இவன் காதில் வாங்கியது என்ன. கேள்வி மகளைப் பற்றியது என்று நினைத்திருந்தான். துக்கத்தில் எல்லாரும் கேட்பதுதானே என்று. 'என்னைப் பத்தி' என்று அத்தை ஒவ்வொரு முறையும் தெளிவாகத்தான் சொன்னார். இவனுக்குத் தன் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. குளியலறைத் திரை, தப்பான இடத்தில் ஒட்டிய சென்சார், ஊருக்கு உபதேசம் செய்கிற ஆய்வாளனின் வீட்டு லட்சணம். இவற்றைப் பொத்திப் பொத்தி வைத்தான். பொத்தியதற்கு உள்ளே வேறு ஒருத்தி மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறாள் என்று தெரியாமல்.

தவிர, இன்னொன்றும் இருந்தது. அந்தச் சென்சாரை இடம் மாற்ற ஒரு பொழுதுக்கு மேல் ஆகாது. ஆனால் மாற்றிவிட்டால், அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளுக்கு அந்த வீட்டில் வேலை இருக்காது. அதனால்தான் தினமும் இருட்டில் குளிக்கிறான். இதைப் பிரிவுத் தலைவரிடம் விளக்கிச் சொல்ல முடியாது.

அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று அவனுக்கே தெரியவில்லை. புகைக்குச்சி வேறு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்பிள்ளை?"

"சொன்னா அத்தை. உங்களைப் பத்திச் சொன்னா."

அத்தை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க."

"கேக்க நல்லா இருக்காது."

"பரவாயில்லை."

"எனக்குத்தான் நல்லா இருக்காது."

"ரொம்ப நல்லது. சொல்லுங்க."

இரண்டு பேரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். விசிறிச் சத்தத்தில் வேறு வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே சித்தப்பா வந்து நின்றிருந்தார். பிஸ்கட் பாதி வழியில் நின்றது. அந்த ஜன்னலில் ஒரு துளி காற்றுக்கூடப் போகாது. ஆனாலும் காதைக் கண்ணாடியில் வைத்திருந்தார்.

அவன் சொன்னான். குளியலறைச் சென்சாரைத் தப்பாக வைத்ததை முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும் "அதானே" என்றார் அத்தை. அன்று காலை நகர்மன்றத்தில் இவனுக்கு உரை. சென்சார் விளக்குகளின் மேன்மைகளைப் பற்றி. சட்டையை மாட்டிக்கொண்டு, உரையை மனப்பாடம் செய்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். உள்ளே அவள் குளித்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்திருக்க வேண்டும். கத்தினாள். இவன் போய்க் கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு ஆட்டினான். விளக்கு எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பதில் ஒன்றும் சொல்லவில்லை. உரையில் அடுத்த வரி மறந்துவிடும் என்ற பயம். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததும் இவன் கையைத்தான், அதையும் பார்த்தாளோ என்னவோ.

"என்னன்னு கத்தினா?" அத்தை எழுந்து கிட்டே வந்துவிட்டார். "அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம. பார்த்து எழுதாம."

அவன் புகைக்குச்சியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். புகை அசையாமல் நேராக மேலே போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு, விசிறிக்கு மேலே கேட்கும்படி, அவள் எந்த ராகத்தில் கத்தினாளோ அதே ராகத்தில் கத்தினான்:

"ஏய் மீட்டர்! லைட்டு போச்சு! எங்கம்மா சொன்னது சரிதான், இந்த வீட்டுல மனுஷி இருக்க முடியாது! வந்து கையை ஆட்டுடா, கண்ணெல்லாம் சோப்பு!"